கால் எடுக்காதீங்க

நான்கு நாளாகச் சத்தம்.
பின்சக்கரத்தில், தகரத்தைத் தகரம் உரசுவது போல.
தொரப்பாடி ஜெயில் மதில் ஓரம் வரும்போது
சுவரில் பட்டு இன்னும் பெரிதாகும்.
இரவு டூட்டி முடிந்து திரும்புகிறவளை
ஊரே எழுந்து பார்க்கும்படி.

சைதாப்பேட்டை மெக்கானிக் திங்கட்கிழமை வரச் சொன்னார்.
போன திங்கட்கிழமையும் அதையேதான் சொன்னார்.

ஸ்பேர்ஸ் கடை ஃபயாஸ்
"எண்ணூறா? தொண்ணூத்தெட்டு மாடலா?" என்று கேட்டு
ஷூ ஒரு செட், வீல் சிலிண்டர் இரண்டு,
கேட்காமலே ஒரு பிரேக் ஆயில் டப்பா.
"மெக்கானிக் பேர் சொல்லுங்க, கமிஷன் எழுதணும்."
என் பெயரைச் சொன்னேன்.
எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.
நாற்பது ரூபாய் கழித்தார்.

ஞாயிறு. ஆராதனை முடிந்து சேலை மாற்றி,
முன்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து
ஜாக்கி ஏற்றினேன்.
வேலூர் வெயில் மேலிருந்து வருவதில்லை,
சிமெண்டுத் தரைக்குள்ளிருந்து முதுகுக்கு வருகிறது.

டிரம் வரவில்லை.
சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன்.
மாடி ஜன்னல்தான் திறந்தது.
டிரம்மின் முகத்திலேயே இரண்டு துளை உண்டு;
எட்டு எம்எம் போல்ட் போட்டு
இதில் அரைச்சுற்று, அதில் அரைச்சுற்று,
மறுபடி இதில்.
இருபது நிமிடம் கழித்து, போனால் போகிறதென்று
டொப்பென்று மடியில் விழுந்தது.

உள்ளே கரும்பொடி. ஊதக்கூடாது அதை.
சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.
லைனிங் தீர்ந்து ரிவெட் தலைகள் தெரிந்தன,
சிலிண்டர் ரப்பர் ஓரம் கசிந்திருந்தது.
இதை நம்பித்தான்
போன மாதம் ஏலகிரியில் பதினாலு வளைவும் இறங்கினேன்.

ஒரு ஸ்பிரிங் கொறடாவிலிருந்து துள்ளி
செவ்வரளிப் புதருக்குள் போயிற்று.
தேடி எடுத்ததற்குள் எது எங்கே என்பது மறந்துவிட்டது.
நல்லவேளை, இடது சக்கரத்தில் கை வைக்கவில்லை.
திறந்து அதைப் பார்த்துப் பார்த்து வலதை மாட்டினேன்,
கண்ணாடியில் வகிடு எடுப்பதுபோல் எல்லாம் எதிர்ப்பக்கமாக.
பிறகு வலதைப் பார்த்து இடது.

இனி காற்று எடுக்கவேண்டும்.
அதற்கு இன்னொரு கால் வேண்டும்.
மகள் பெங்களூரில்; போனில் பெடல் அமுக்க முடியாது.
மாடியில் சிட்டிபாபு இருந்தார்.
தண்ணீர் மோட்டார் பில்லில் அவர் பங்கு எவ்வளவு என்று
மாசியிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
சுவிட்ச் பெட்டியில் ஒட்டும் துண்டுச் சீட்டு மட்டும்.

கூப்பிட்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.
"இன்னா பண்ணணும்?"
"நாலு தடவை அமுக்குங்க, அப்பறம் பிடிங்க.
நான் சொல்ற வரைக்கும் கால் எடுக்காதீங்க."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு,
நான் பின்சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு.
"அமுக்குங்க."
"அமுக்கிட்டேன்."
"பிடிங்க."
நிப்பிளைத் திறந்தால்
சலைன் டியூப் வழியாக ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குக் குமிழிகள்.
இருபத்தொரு வருடம் ரத்தவங்கியில்
குழாயில் குமிழி பார்த்த கண் எனக்கு.
சின்னதாக ஒன்று இருந்தாலும் விடாது.

ஏழாவது முறை பிடித்திருக்கும்போது
முன்சீட்டிலிருந்து குரல் வந்தது:
"போன மாசம் நானூத்தி எம்பது வந்துச்சில்ல சிஸ்டர்,
பாதி நான் தந்துடறேன்."
"கால் எடுக்காதீங்க," என்றேன்.

பதினோராவது முறை
கடைசிக் குமிழி வந்து, நின்று, போயிற்று.
"பெடலு கல்லு மாரி ஆயிடுச்சி," என்றார்,
தானே செய்ததுபோல.
கைபிரேக் முன்பு ஒன்பது கிளிக், இப்போது ஐந்து.
டீ போட்டேன். சர்க்கரை குறைவு என்றார்.

இருநூற்று நாற்பது இன்னும் வரவில்லை.

நேற்றிரவு ஜெயில் மதில் அருகே
காது தானாகக் கூர்ந்தது.
எஞ்சின் சத்தம், எங்கோ ஒரு நாய், வேறொன்றுமில்லை.
ஆளில்லாத ரோட்டில்
தேவையே இல்லாமல் ஒருமுறை
பிரேக்கை அழுத்திப் பார்த்தேன்.